ஒரே வீட்டில் நாலு ஃபைல்: அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு அலையும் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மாமியாருக்குக் கண் அழுத்தம், பிபி, முட்டி வலி. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, இதயத்தில் ஸ்டென்ட். மகளுக்கு வீசிங். எனக்குத் தைராய்டு. அக்கம்பக்கத்தில் யாருக்காவது புதிதாக ஒரு வியாதி வந்தால் "நீங்க எப்படிக்கா சமாளிக்கிறீங்க?" என்று வந்து கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

வாரத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி என்று ஆகிவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

எல்லாருடைய அடுத்த தேதியையும் ஒரே காலண்டரில் எழுதுவதிலிருந்து. சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர் போதும். ஆப் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது ஒருவர் போனுக்குள் அடைபட்டுக் கிடக்கும். சுவரில் இருந்தால் மாமியாரும் பார்ப்பார், மகளும் பார்ப்பாள். "எனக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்ற பேச்சு குறையும்.

எழுதியதும் ஒன்று கண்ணில் படும். திங்கள் கண், புதன் இதயம், வியாழன் ரத்தம், சனி முட்டி என்று ஒரே வாரத்தில் எல்லாம் குவிந்திருக்கும். அடுத்த மூன்று வாரம் காலியாக இருக்கும். ஒவ்வொரு டாக்டரும் தன் நோயாளியை மட்டும் பார்த்துத் தேதி கொடுக்கிறார். நாலு தேதியையும் சேர்த்துப் பார்ப்பது உங்கள் வேலை. வேறு யாரும் அதைச் செய்யப் போவதில்லை.

அடுத்தது, ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் எதற்குப் போகிறோம் என்று இரண்டு வார்த்தை எழுதுங்கள். ரிப்போர்ட் காட்ட, மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்க, உடம்பைத் தொட்டுப் பார்க்க, புதிதாக ஏதோ தொந்தரவு. முதல் இரண்டில் பலவற்றை போனிலோ வீட்டுப் பக்கத்து டாக்டரிடமோ முடித்துவிடலாம். கண் அழுத்தம் பார்ப்பது, இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுப்பது, கால் புண்ணைப் பார்ப்பது போன்றவற்றுக்கு நேரில்தான் போக வேண்டும்.

சில பரிசோதனைகளை அடிக்கடி செய்வதில் அர்த்தமே இல்லை. எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. மாதாமாதம் எடுத்தால் காசுதான் போகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நிலையாக இருந்தால் வருஷத்துக்கு இரண்டு முறை என்பதுதான் வழக்கம். தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். அதற்குள் பார்த்தால் சரியான எண் வராது. மறுபக்கம், சர்க்கரைக்காரர்கள் தள்ளிப்போடவே கூடாத சில உண்டு: வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரை, பாதம், சிறுநீரில் ஆல்புமின். வலி எதுவும் இருக்காது என்பதால் இவற்றைத்தான் முதலில் மறப்போம்.

டாக்டரிடம் கிளம்பும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: "அடுத்து எப்போ வரணும்? அதுக்கு முன்னாடி என்ன ஆனா உடனே வரணும்?" இரண்டாவது கேள்விக்குப் பதில் கையில் இருந்தால், ராத்திரி பத்து மணிக்கு பயந்துபோய் ஆட்டோ பிடிக்கும் பயணங்கள் பல குறையும்.

ஆளுக்கொரு ஸ்பெஷலிஸ்ட் இருக்கும்போது குடும்ப டாக்டர் எதற்கு?

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நாலு ஸ்பெஷலிஸ்ட் எழுதும் மாத்திரைகளையும் ஒரே ஆள் சேர்த்துப் பார்க்க வேண்டும். எம்பிபிஎஸ், எம்டி பொது மருத்துவம் படித்து, பக்கத்துத் தெருவில் சாயங்காலம் கிளினிக் வைத்திருக்கும் ஒருவர் போதும். பெரிய பெயர் தேவையில்லை; ஊரில் இருப்பவராக, போனை எடுப்பவராக இருந்தால் சரி.

ஏன் என்று சில உதாரணம் சொல்கிறேன். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்து கண்ணோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைக் குறைக்கும், வீசிங் உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும். "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று நுரையீரல் டாக்டர் கேட்டால், கண் சொட்டைப் பற்றி யாரும் சொல்வதில்லை. சொட்டு மருந்தை நம் ஆட்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

முட்டி வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை பிபியை ஏற்றும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். பிபிக்கு டெல்மிசார்டன் போன்ற ஒன்றும், நீர் பிரியும் மாத்திரை ஒன்றும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் ஆபத்து இன்னும் கூடும். எலும்பு டாக்டர் எழுதியதை இதய டாக்டர் பார்த்திருக்க மாட்டார்.

ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு சீட்டில் வருவதும் சாதாரணம். அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு, உள்ளே ஒன்றுதான். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் உண்மைப் பெயரைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் போன் கேமராவில் பெரிதாக்கிப் படியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டிலிருக்கும் எல்லா அட்டை, சொட்டு, டானிக், சூரணம் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் குடும்ப டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். எதை நிறுத்தலாம் என்று கேளுங்கள். ஸ்பெஷலிஸ்ட் எழுதிய ஒன்றை எடுக்க வேண்டும் என்றால், அவரே போன் செய்தோ கடிதம் எழுதியோ கேட்பார்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. பல் பிடுங்கப் போனால் "ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்திட்டு வாங்க" என்று சொல்லக்கூடும். இதய டாக்டரிடம் கேட்காமல் ஆஸ்பிரினையோ க்ளோபிடோக்ரெலையோ ஒருநாளும் நிறுத்தக் கூடாது. ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அது மாரடைப்பு.

ஃபைலை எப்படி வைத்துக்கொள்வது? பழைய ரிப்போர்ட் எல்லாம் மூட்டையாகக் கிடக்கிறது.

ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைல், நிறம் வேறாக. உள்ளே முதல் தாள்தான் முக்கியம். அதில் பெயர், வயது, ரத்த வகை, ஒவ்வாமை, என்ன நோய் எந்த வருஷத்திலிருந்து, என்ன ஆபரேஷன், இப்போது சாப்பிடும் மருந்து, அளவு, நேரம், வீட்டில் யாரை அழைப்பது. பென்சிலால் எழுதுங்கள், மருந்து மாறினால் அழித்து எழுதலாம். மூலையில் தேதி போடுங்கள்.

அதன் பின்னால் கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ஈசிஜி, கடைசி எக்கோ, கடந்த ஒரு வருஷ ரத்தப் பரிசோதனை. அவ்வளவுதான். அதற்கு முந்தையது எல்லாம் வீட்டில் ஒரு பெட்டியில் இருக்கட்டும். தூக்கிப் போடாதீர்கள், தூக்கிக்கொண்டு அலையவும் வேண்டாம். பழைய ஈசிஜி ஒன்றைப் பத்திரப்படுத்துவது நல்லது. புதிதாக எடுப்பதில் தெரியும் மாறுதல் இன்று வந்ததா, பத்து வருஷமாக இருப்பதா என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்ப்பார். வெப்பத்தாளில் எடுத்த ஈசிஜி நாளாக நாளாக மங்கிப் போகும், அதனால் உடனே போட்டோ எடுத்து வையுங்கள்.

ஆபா என்ற அரசின் 14 இலக்க சுகாதாரக் கணக்கு எண்ணை எல்லாருக்கும் எடுத்து வையுங்கள், காசு இல்லை. அதை ஏற்கும் ஆஸ்பத்திரிகளில் வாசலில் இருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் ஓபி சீட்டு வரிசையில் பெயர், வயது, முகவரி சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

டாக்டர் பார்க்கிறது அஞ்சு நிமிஷம். அதில் என்ன சொல்வது?

முதல் வாக்கியத்திலேயே எது தொந்தரவு, எத்தனை நாளாக என்பதைச் சொல்லிவிடுங்கள். "போன மாசம் எங்க நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தப்போ..." என்று தொடங்கினால் கல்யாண மண்டபத்திலேயே அஞ்சு நிமிஷமும் போய்விடும். மூன்று கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் வைத்திருங்கள். முக்கியமானது முதலில்.

வீட்டில் எடுத்த பிபி, சர்க்கரை எண்களைக் கொண்டுபோவது பாதி வேலையை முடிக்கும். ஆஸ்பத்திரியில் மாடி ஏறி, டோக்கனுக்குச் சண்டை போட்டு உட்கார்ந்தவுடன் எடுக்கும் பிபி பலருக்கு ஏறித்தான் இருக்கும். மேல்கையில் கட்டும் மெஷின் வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது அவ்வளவு நம்பகமில்லை. காபி குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். முதுகைச் சாய்த்து, கால் தரையில் படும்படி அஞ்சு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கையை மேஜைமேல் இதய உயரத்தில் வைத்து எடுங்கள். டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தைய ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு முறை எழுதி வைத்தால் போதும். நாள் முழுக்க எடுத்துக்கொண்டே இருந்தால் பயத்திலேயே ஏறும்.

அத்தைக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். டாக்டர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பேசுகிறார். நடுவில் நான் பேசினால், "என்னைப் பேசவே விடமாட்டேங்கற" என்கிறார்.

அவர் சொல்வது நியாயம்தானே. வீட்டிலேயே உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் முதலில் அவரைப் பேச விடுங்கள். அவர் நிறுத்திய பிறகு நீங்கள் டாக்டருக்குச் சொல்லுங்கள், அவர் சொன்னதை மட்டும். டாக்டர் உங்களைப் பார்த்துப் பதில் சொன்னால், அதை அப்படியே அத்தையிடம் தமிழில் திருப்பிச் சொல்லுங்கள். "ஒண்ணுமில்ல, மாத்திரை மாத்தியிருக்காங்க" என்று சுருக்காதீர்கள். மூடிப் பேசினால் பெரிய வியாதி என்று நினைத்துக்கொண்டு நாலு நாள் தூங்கமாட்டார்.

இன்னொன்று. பெரியவர்கள் மருமகள் எதிரில் சொல்லக் கூச்சப்படும் விஷயங்கள் உண்டு: சிறுநீர் கசிவு, மலச்சிக்கல், வெள்ளைப்படுதல். இரண்டு நிமிஷம் வெளியே நிற்கட்டுமா என்று நீங்களே கேளுங்கள். சிவாஜிநகர், அல்சூர், ஃப்ரேசர் டவுன் பக்கத்து கிளினிக்குகளில் தமிழ் தெரிந்த நர்ஸ் யாராவது பெரும்பாலும் இருப்பார்.

ஒரே நாளில் இரண்டு பேரைக் காட்டலாமா?

காட்டலாம், இடமும் வேலையும் பொருந்தினால். பெங்களூரில் வியாதியை வைத்து நாளைப் பிரிப்பதைவிடத் திசையை வைத்துப் பிரிப்பது நல்லது. மார்க்கெட் பக்கம் போனால் விக்டோரியா, வாணி விலாஸ், மிண்டோ கண் ஆஸ்பத்திரி எல்லாம் நடக்கிற தூரம். ஓசூர் ரோடு பக்கம் நிமான்ஸ் (மூளை, மனநலம்), கித்வாய் (புற்றுநோய்), இந்திரா காந்தி குழந்தைகள் ஆஸ்பத்திரி பக்கத்தில் பக்கத்தில். அல்சூர்க்காரர்களுக்கு பௌரிங் ஆஸ்பத்திரி கிட்டவே இருக்கிறது.

மெட்ரோ பல குடும்பங்களுக்குக் கை கொடுக்கிறது. அல்சூரில் ஏறி மெஜஸ்டிக்கில் பச்சை வழிக்கு மாறினால் கே.ஆர். மார்க்கெட் நிலையத்தில் இறங்கலாம். ஜெயதேவா இதய ஆஸ்பத்திரிக்கு அதே பச்சை வழியில் ஆர்.வி. ரோடு வரை போய், 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழிக்கு மாற வேண்டும். ஆஸ்பத்திரி பெயரிலேயே நிலையம் இருக்கிறது. இரண்டு முறை மாறுவது முட்டி வலிக்காரர்களுக்குச் சிரமம்தான், லிஃப்ட் எங்கே என்று முதல்முறை நிதானமாகப் பார்த்து வையுங்கள். கர்நாடகத்தில் குடியிருக்கும் பெண்களுக்கு ஏசி இல்லாத பிஎம்டிசி பஸ்ஸில் 2023 ஜூனிலிருந்து டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. முகவரி அட்டையைக் காட்டினால் போதும். மாதச் செலவில் இது கண்ணுக்குத் தெரியும் மிச்சம்.

எதை எதோடு சேர்க்கக் கூடாது? கண்ணில் சொட்டு விட்டு விழித்திரை பார்க்கும் நாளில் வேறு எதையும் வைக்காதீர்கள். அதற்குப் பிறகு சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வெயில் கூசும், வண்டி ஓட்டக் கூடாது, படி இறங்கவே ஒரு கை வேண்டும். டயாலிசிஸ் நாளும் அப்படித்தான்; நாலு மணி நேரம் முடிந்து வருபவரை இன்னொரு வரிசையில் உட்கார வைப்பது கொடுமை. உடம்பு சரியில்லாத இரண்டு பேரை ஒரே ஆள் அழைத்துப் போவதும் வேண்டாம். ஒருவருக்கு எக்ஸ்ரே, இன்னொருவருக்கு டாக்டர் என்று ஒரே நேரத்தில் பெயர் கூப்பிட்டால் யாரோடு போவீர்கள்?

காத்திருக்கும் நேரத்தை என்ன செய்வது?

தண்ணீர், ஒரு டப்பா தயிர்சாதம், சார்ஜர், சால்வை. சர்க்கரைக்காரர் கூட இருந்தால் குளுக்கோஸ் பாக்கெட். மிச்ச நேரத்தைச் சும்மா உட்கார்ந்து கழியுங்கள். எல்லா நிமிஷத்தையும் பயன்படுத்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ரத்தம் கொடுக்கும் காலை எப்போதும் ரகளை. யார் சாப்பிடலாம், யார் கூடாது?

வெறும் வயிற்றுச் சர்க்கரை என்றால் எட்டிலிருந்து பத்து மணி நேரம் பட்டினி. தண்ணீர் குடிக்கலாம், காபி கூடாது. எச்பிஏ1சி, டிஎஸ்எச், கிரியாட்டினின் மட்டும் என்றால் பட்டினி தேவையில்லை. சாப்பிட்ட பின் எடுக்கும் சர்க்கரைக்கு, முதல் வாய் இட்லி வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கு.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கும் முன் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழ வாய்ப்பிருக்கிறது. அதைச் சாப்பாட்டோடு போடுவதுதான் வழக்கம். பிபி மாத்திரையைப் பெரும்பாலும் வழக்கம்போல் போடச் சொல்வார்கள். தைராய்டு மாத்திரை ரத்தம் கொடுத்த பிறகு. உங்களுக்கு எப்படி என்று ஒருமுறை கேட்டு, ஃபைலின் முதல் தாளிலேயே எழுதிவிடுங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் லேபில் சொல்லுங்கள். தைராய்டு எண்ணைத் தப்பாகக் காட்டிவிடும்.

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் லேபை ஒரே காலையில் எல்லாருக்கும் வரச் சொல்லுங்கள். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள், அப்போதுதான் போன முறை எண்ணோடு ஒப்பிட முடியும். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக் குழாய்களை இணைக்கும் ஆபரேஷன்) வைத்த கையில் ஊசியும் குத்தக் கூடாது, பிபியும் கட்டக் கூடாது. எடுக்க வருபவரிடம் ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள், சலிக்காமல்.

போனில், வீடியோவில் பார்த்தால் சரியாக இருக்குமா?

டாக்டர் உங்களை முன்பே நேரில் பார்த்திருந்தால், ரிப்போர்ட் காட்ட, மருந்தைத் தொடர, பக்கவிளைவைச் சொல்ல இது நல்ல வழி. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ விதிகளின்படி இந்தச் சீட்டு செல்லும். நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள், அதே நோய்க்குத் தொடர்ந்து கேட்பதைத்தான் அந்த விதிகள் ஃபாலோ-அப் என்கின்றன; எனவே வருஷக்கணக்கில் முகமே காட்டாமல் ஓட்ட முடியாது. அரசின் இ-சஞ்சீவினியில் காசு இல்லாமல் டாக்டரிடம் பேசலாம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், புதிதாக வந்த கட்டி, வயிற்று வலி இதற்கெல்லாம் வீடியோ வேண்டாம்.

வேலூருக்குப் போய்விடலாமா?

பெங்களூர்த் தமிழர் வீடுகளில் எந்த வியாதியும் நாலாவது மாதத்தில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்கும். காலை லால்பாக் எக்ஸ்பிரஸ் பிடித்தால் காட்பாடி, அங்கிருந்து ஆட்டோ. மொழிப் பிரச்சினை இல்லை, அங்கிருக்கும் சிஎம்சி ஆஸ்பத்திரி மேல் நம் ஆட்களுக்கு இருக்கும் நம்பிக்கையும் சும்மா வந்ததில்லை.

என்ன வியாதி என்றே பிடிபடவில்லை, பெரிய ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள், இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டும் என்றால் தாராளமாகப் போங்கள். சர்க்கரைக்கும் பிபிக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போவது எனக்குச் சரியாகப் படவில்லை. லாட்ஜ், சாப்பாடு, கூட வருபவரின் லீவு எல்லாம் சேர்த்தால் மருந்துச் செலவைத் தாண்டிவிடும். நடுராத்திரியில் முடியாமல் போனால் ஓடப் போவது பெங்களூர் ஆஸ்பத்திரிக்குத்தான். அங்கே உங்களைத் தெரிந்த ஆள் இருக்க வேண்டாமா? வேலூரில் பார்த்தாலும், ஊரில் தொடர்ந்து பார்க்கும் டாக்டருக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்கி வாருங்கள். இன்சுலின் கொண்டுபோனால் வெயில் படாமல் பையின் நடுவில்.

மாத்திரைச் செலவு தாங்கவில்லை. அதுவும் ஆளுக்கொரு நாள் தீர்ந்துபோகிறது.

தீரும் தேதியை முதலில் ஒன்றாக்குங்கள். ஒருமுறை மட்டும் சிலருக்கு இருபது நாள், சிலருக்கு முப்பது நாள் என்று கணக்குப் பார்த்து வாங்கினால், அடுத்த மாதத்திலிருந்து எல்லாருடையதும் ஒரே நாளில் தீரும். மாதத்துக்கு ஒரே ஒரு தடவை மெடிக்கல் போனால் போதும். ஐந்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். பண்டிகை நாளில் கடை மூடியிருக்கும், பந்த் வரும், மழை வரும்.

மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், அட்டோர்வாஸ்டாடின் போன்று பல வருஷம் சாப்பிடும் மருந்துகள் அரசுத் திட்டமான ஜன் ஔஷதி கடைகளில் பாதிக்கும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். "உண்மைப் பெயரில் எழுதித் தாங்க" என்று டாக்டரிடம் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். வலிப்பு மருந்து, தைராய்டு மாத்திரை, வார்ஃபரின் ஆகியவற்றை மட்டும் கேட்காமல் கம்பெனி மாற்றாதீர்கள்; இவற்றில் சின்ன வித்தியாசமும் உடம்பில் தெரியும்.

இன்சூரன்ஸ் இருந்தும் கையிலிருந்துதான் போகிறது. ஏன்?

பெரும்பாலான பாலிசிகள் அட்மிட் ஆனால்தான் பணம் கொடுக்கும். அடிக்கடி டாக்டரிடம் போகும் குடும்பத்துக்கு ஓபி செலவுதான் அதிகம், அது இவற்றில் வராது. ஆனால் அட்மிட் ஆவதற்கு முன்னும் பின்னும் குறிப்பிட்ட நாட்களுக்கு அதே நோய்க்கான டெஸ்ட், மருந்து, டாக்டர் ஃபீஸ் வரும். எத்தனை நாள் என்று பாலிசியிலேயே இருக்கும். டிஸ்சார்ஜ் ஆன களைப்பில் யாரும் அந்த பில்களை அனுப்புவதில்லை. அனுப்புங்கள், அது உங்கள் பணம்.

வீட்டில் ஒருவருக்கு மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தால், அவரை நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் அதில் ஓபி, மருந்து, அட்மிஷன் எல்லாம் உண்டு. ராஜாஜிநகரிலும் இந்திராநகரிலும் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி இருக்கிறது. சம்பளத்தில் பிடிப்பதை மட்டும் பார்த்துவிட்டு அட்டையே எடுக்காத பிள்ளைகள் நிறைய.

வயதானவருக்குப் புதிதாகப் பாலிசி எடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். 65 வயது என்ற வரம்பு 2024 ஏப்ரலில் போய்விட்டது. பிரீமியம் சுள்ளென்று இருக்கும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கவும் நேரலாம். பாலிசியே இல்லாத 60 வயது தாண்டிய பெற்றோரின் மருத்துவச் செலவுக்குப் பழைய வருமான வரிமுறையில் வருஷம் 50,000 ரூபாய் வரை வரிக்கழிவு உண்டு. ரொக்கமாகக் கட்டியது கணக்கில் வராது.

வீட்டுக்காரர் "எனக்கு ஒண்ணுமில்ல" என்று வரவே மாட்டேன் என்கிறார்.

சண்டை போட்டு அழைத்துப் போனால் அடுத்த முறை இன்னும் அடம் பிடிப்பார். எதற்குப் பயப்படுகிறார் என்று பாருங்கள். பலருக்கு வியாதியைவிட லீவு கேட்பதும் செலவும்தான் உறுத்தல். வருஷத்துக்கு எத்தனை தடவை என்று முதலிலேயே பேசி முடித்து, சனிக்கிழமைக்கு வையுங்கள். "உனக்குச் சர்க்கரை ஏறிடுச்சு" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ஆரம்பிக்க வேண்டாம். நீங்கள் சொன்னால் எடுபடாதது குடும்ப டாக்டர் சொன்னால் எடுபடும். அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள்.

"கேக்கறேன் சித்தப்பா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். சித்த மருந்தோ ஆயுர்வேதமோ சாப்பிடுவதானால் அதையும் ஃபைலின் முதல் தாளில் எழுதி, இரண்டு பக்க டாக்டரிடமும் சொல்லுங்கள். இன்சுலினை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் போகாதீர்கள்.

குழந்தைக்கு இதெல்லாம் தெரிய வேண்டுமா?

ஏற்கெனவே தெரியும். அரைகுறையாகத் தெரிவதுதான் பயம். அப்பாவுக்கு என்ன, எதற்கு மாத்திரை, இப்போது எப்படி இருக்கிறார் என்று வயதுக்கேற்பச் சொல்லிவிடுங்கள். பரீட்சை நாளில் பாட்டியை அழைத்துப் போகும் வேலையை மட்டும் பிள்ளைமேல் போடாதீர்கள். வீசிங் இருக்கும் பிள்ளையின் பள்ளிப்பையில் இன்ஹேலர் ஒன்று, வகுப்பு ஆசிரியருக்கு அதை எப்போது தர வேண்டும் என்ற குறிப்பு ஒன்று.

எல்லாரையும் பார்த்து முடிக்கும்போது என் உடம்பைப் பார்க்க நேரமில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்பவர் ஏறக்குறைய எப்போதும் பெண்தான். அதனால்தான் அந்தச் சுவர்க் காலண்டரில் உங்கள் பெயரை முதலில் எழுதச் சொல்கிறேன். கடைசியில் எழுதினால் கடைசியாகத்தான் தள்ளிப் போகும். மாமியாரின் கண் தேதியை மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போன் போடுகிறோம், நம் தைராய்டு டெஸ்டை அப்படியே விட்டுவிடுகிறோம். தைராய்டு குறைந்திருந்தால் வரும் சோர்வும் மறதியும் "அலைச்சல்தான் காரணம்" என்ற பேச்சில் அமுங்கிப் போகும். மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, காபிக்கு அரை மணி நேரமாவது பொறுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும்.

வேலையைப் பிரிக்கும்போது "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் காதில் விழாது. "இந்த மாசத்திலிருந்து அம்மாவோட கண் ஆஸ்பத்திரி உங்களோடது, தேதி, சொட்டு மருந்து, ஃபைல் எல்லாம்" என்று முழுசாக ஒன்றைக் கொடுங்கள். கொழுந்தனார் ஹைதராபாத்தில் இருந்தால் இன்சூரன்ஸ் பேப்பர்களும் ஆன்லைன் அப்பாயின்ட்மென்ட்டும் அவர் பங்கு. தூரத்தில் இருப்பவர் செய்யக்கூடிய வேலை இது, தினமும் போன் செய்து "எப்படி இருக்காங்க?" என்று கேட்பதைவிட உபயோகமும்கூட.

தூக்கம் போய், எதற்கெடுத்தாலும் அழுகை வந்து, யார் மேலும் எரிந்து விழுவது வாரக்கணக்கில் தொடர்ந்தால் அதற்கும் டாக்டர் உண்டு. டெலி-மானஸ் என்ற அரசு எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. பெங்களூர் நிமான்ஸ்தான் அதன் தலைமை மையம். பைத்தியம் பிடித்தவர்கள்தான் அங்கே பேசுவார்கள் என்று இன்னும் சொல்பவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள்.

எப்போது அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பார்க்காமல் ஓட வேண்டும்?

வியர்வையோடு நெஞ்சு இறுக்கம். சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சுத் திணறலும் அசதியுமாகவும் மாரடைப்பு வரலாம். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதனால் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஹேலர் போட்டும் அடங்காத இரைப்பு. கண் அழுத்தம் உள்ளவருக்குத் திடீரென்று கண் வலியும் வாந்தியும் பார்வை மங்கலும்.

சர்க்கரை 70-க்குக் கீழே போய் நடுக்கமும் குழப்பமுமாக இருந்தால், நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

பதற்றத்தில் வீட்டு முகவரிகூட வராது. ஆம்புலன்ஸ் டிரைவர் கன்னடத்தில் வழி கேட்பார். எந்தக் கோயிலுக்கு எதிர்ச் சந்து, எந்த மாடி, லிஃப்ட் உண்டா என்பதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுக் கன்னடத்தில் எழுதி வாங்கி, தமிழ் எழுத்திலும் அதே வரிகளை அடியில் எழுதி, கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள்.